வா.சா. 3

பெயர் ரூத் வசந்தமலர்.
தகப்பனார் இம்மானுவேல், பசுமலை.
வயது அறுபத்து மூன்று.
தொழில் என்ற இடத்தில் தட்டச்சர் விரலை நிறுத்தி
நிமிர்ந்து பார்க்கிறார்.
தூதர், ஓய்வு, என்கிறேன்.
தூது என்று அடித்து, அழித்து,
அரசு ஊழியர் என்று முடிக்கிறார்.
அதுவும் சரிதான்.

வாதி ஜக்கரியா முன் வரிசையில்,
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.
கப்பலூரில் சலைன் பாட்டில் கம்பெனி.
நாற்பதாயிரம் பாட்டிலுக்குப் பணம் வரவில்லை.
அவர் வழக்கு அவ்வளவுதான்.

அந்தத் தீவின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
புயலுக்குப் பின் அங்கே கிணறுகளில் கடல் ஏறியிருந்தது.
வாந்தி, பேதி.
நம் உதவி முதல் பக்கத்தில் வந்தது,
கொடியசைத்த படத்தோடு.
கொடியசைத்து அனுப்பிய ஒன்பது லாரிகளும்
தூத்துக்குடி போகவில்லை.
மண்டேலா நகர் திருப்பத்தில் ஓரங்கட்டி
நாற்பத்து மூன்று நாள்.
டிரைவர்கள் தார்ப்பாய்க் கயிற்றில்
பனியன் துவைத்துக் காயப்போட்டார்கள்.

ஏன் என்று கேட்டு மூன்று குறிப்பு எழுதினேன்.
பதில் எழுத்தில் வரவில்லை, போனில் வந்தது.
மரியாதையான குரல்.
‘தேர்தல் நேரம் மேடம். அவங்க அதிபர் ஒரு தடவை
மதுரைக்கு வந்துட்டுப் போகட்டும்.
மேடையில பத்து நிமிஷம்.
சாமான் தன்னால கிளம்பும்.’
நிபந்தனை என்ற சொல்லைச் சொன்னாரா?
சொல்லவில்லை.
சொல்லாததால் நிபந்தனை இல்லை என்றால் சரியல்ல.

நாடுகளுக்குள் இது வழக்கம்தானே, என்கிறார் நீதிபதி.
ஐயா, உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுகிறார்கள்.
ஊரும் பேரும் தொகையும் மைக்கில் கத்தி,
திரும்பச் செய்யவேண்டியதென்று பந்திக்கே தெரிய.
நோட்டு இருக்கிறது, பேனா இருக்கிறது.
ஆனால் சாவு வீட்டுக்குக் கொண்டுபோன கோடித்துணியை
வாசலில் நிறுத்திப் பேரம் பேச
அங்கே ஒருத்தரும் துணியமாட்டார்கள்.

மொய் வரை பதியவேண்டாம், என்கிறார்.

அதிபர் வந்தார்.
சுற்றுச்சாலைத் திடலில் ஆளுயர மாலை.
கழுத்து தாங்காமல் இரண்டுபேர் தூக்கிப் பிடித்தார்கள்.
அவர் மொழி தெரிந்த ஒரே மதுரைக்காரி நான்.
மைக் என் கைக்கு வந்தது.

குறுக்கு விசாரணை.
அரசு வக்கீல் காணொளியை ஓட்டுகிறார்.
‘இந்த மண்ணின் அன்புக்கு என் தேசம் தலைவணங்குகிறது.’
இது உங்கள் குரலா?
என் குரல்.
அதிபர் மனமுவந்து சொன்னதைத்தான் மொழிபெயர்த்தீர்கள்?

வராந்தாவில் யாரோ டீ கிளாஸ் அலசுகிறார்கள்.
திரையில் மறுபடியும் அவர் உதடு அசைகிறது.
இத்தனை பேர் இருக்கும் அறையில்
அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது.

இல்லை.
அவர் சொன்னது இது:
‘இன்று காலைவரை நூற்றுப்பதினொன்று.
பெட்டிகளை நான் பார்க்கலாமா?’

தவறாக மொழிபெயர்த்தேன் என்றால் சரியல்ல.
தெரிந்தே செய்தேன் என்றால் சரிதான்.
கூட்டம் விசிலடித்தது.
தான் கேட்டதற்குத்தான் இத்தனை ஆரவாரம் என்று
மாலைக்கு உள்ளிருந்து கை எடுத்து
அவர் கும்பிட்டார்.
காணொளியில் அதுவும் இருக்கிறது,
இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள்.

தட்டச்சர் கேட்கிறார்:
‘நூற்றுப்பதினொண்ணு என்னம்மா, பெட்டியா?’
நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார்.
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
பிறகு நான்தான் சொன்னேன்.

வெளியே, வேப்பமர நிழலில் ஸ்கூட்டரை எடுத்தபடி
ஜக்கரியா கேட்டார்:
‘எல்லாம் சரிதாம்மா.
என் பில்லைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே?’